முதலில் எல்லை, பிறகு சீர்திருத்தம்: அமெரிக்கக் குடியேற்ற விவாதத்தில் நிறைவேறாத ஒரு பேரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டப்படி ஆண்டுக்கு எத்தனை பேர், எந்தெந்த வழிகளில் குடியேறலாம் என்பதை வரையறுக்கும் ஒதுக்கீடுகளை அந்நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸ் கடைசியாக முழுமையாகத் திருத்தி அமைத்தது 1990இல். அதற்குப் பிறகு 2006, 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் இரு கட்சியினரும் கூடி உட்கார்ந்து எழுதிய மசோதாக்கள் வந்தன, அவற்றில் இரண்டு செனட் சபையில் நிறைவேறவும் செய்தன, ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. கட்சிப் பிளவு கூர்மையானதுதான் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பொய்யல்ல, ஆனால் போதுமானதும் அல்ல. எல்லைப் பாதுகாப்பு உறுதியான பிறகே மற்றச் சீர்திருத்தங்கள் என்ற நிபந்தனை இந்த விவாதத்தின் மையத்தில் வைக்கப்பட்டதும், அந்த நிபந்தனை எப்போது நிறைவேறியதாகக் கொள்வது என்பதற்கு எட்டக்கூடிய அளவுகோல் எதுவும் வகுக்கப்படாமலே போனதும், தோல்வியின் பெரும்பகுதியை விளக்குகின்றன. பேரத்தின் ஒரு பாதியான காவலும் வேலியும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் வழியாகத் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டுவிட்டன. மறுபாதி இன்னும் பேச்சளவிலேயே இருக்கிறது.

தெற்கு எல்லை என்பது அமெரிக்க அரசியலில் எப்போதும் இன்றிருக்கும் இடத்தில் இருந்ததில்லை. எல்லைக் காவல் படை 1924இல் தோற்றுவிக்கப்பட்டது என்றாலும், பிறந்த நாட்டை வைத்து ஐரோப்பியரைத் தரம்பிரித்து ஒதுக்கீடு வகுத்து, ஆசியரைப் பெரும்பாலும் விலக்கிய அதே ஆண்டுச் சட்டம் மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோளத்து நாடுகளுக்கு எண்ணிக்கை வரம்பு எதையும் விதிக்கவில்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ் பண்ணை முதலாளிகளுக்கு அறுவடைக் கூலிகள் தேவைப்பட்டதே அதன் காரணம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மெக்சிகோவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தொடங்கிய ‘பிராசெரோ’ என்னும் ஒப்பந்தக் கூலித் திட்டம் 1964 வரை நீடித்து, சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்களை வழங்கியது. அது முடிந்த மறு ஆண்டே, இன அடிப்படையிலான பழைய ஒதுக்கீட்டை ஒழித்து ஆசியருக்குக் கதவு திறந்த 1965ஆம் ஆண்டுச் சட்டம், மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக ஆண்டுக்கு 1,20,000 என்ற வரம்பையும் விதித்தது. பண்ணைகளில் வேலை இருந்தது, வருவதற்குப் பழகிய ஆட்களும் இருந்தார்கள், சட்டப்படியான வழி மட்டும் குறுகிப்போனது. சட்டவிரோதக் குடியேற்றம் என்று இன்று பேசப்படும் சிக்கலின் பெரும்பகுதி, இந்த இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளிலிருந்து கிளைத்தது.

அதைத் தீர்க்க முனைந்த முதல் பெரும் பேரம் அதிபர் ரானல்ட் ரீகன் 1986 நவம்பர் 6 அன்று கையெழுத்திட்ட சட்டம். 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்தே ஆவணமின்றி வசித்துவந்தவர்களுக்கும், குறிப்பிட்ட காலம் வயல்களில் உழைத்தவர்களுக்கும் சட்டபூர்வ நிலை வழங்கப்படும். கைமாறாக, ஆவணமற்றவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு முதன்முறையாகத் தண்டனை விதிக்கப்படும். முதல் பாதி நடந்தது: சுமார் 27 லட்சம் பேர் நிரந்தர வசிப்புரிமை பெற்றார்கள். இரண்டாம் பாதி எழுத்திலேயே நீர்த்துப்போனது. தெரிந்தே வேலைக்கு வைத்ததாக நிரூபித்தால்தான் முதலாளியைத் தண்டிக்க முடியும். வேலைக்கு வருபவர் காட்டும் அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியது மட்டுமே முதலாளியின் கடமை. போலி அட்டைகளுக்கோ நகரங்களில் பஞ்சமே இருக்கவில்லை. குடியரசுக் கட்சியின் கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள் ‘பொது மன்னிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் கொதித்தெழுவதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. தாங்கள் ஒருமுறை ஏமாந்தோம் என்ற அவர்களுடைய மனக்குறையை வெறும் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஆனால் அந்தப் பேரத்தில் பொய்த்தது பணியிடக் கண்காணிப்பே தவிர எல்லைக் காவல் அல்ல என்பதும், அதிலிருந்து கற்ற பாடமோ எல்லையைப் பற்றியதாக மட்டுமே இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. விவசாயம், கட்டுமானம், இறைச்சிப் பதனீட்டு ஆலைகள் ஆகியவற்றின் முதலாளிகளைத் தொடுவதைவிடப் பாலைவனத்தில் வேலி போடுவது இரு கட்சிகளுக்கும் எளிதாக இருந்தது.

வேலி போடும் காலம் 1990களில் தொடங்கியது. 1993இல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் எல்லைக் காவலர்களை ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்திப் பார்த்த சோதனை உள்ளூரில் வெற்றிபெற, மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ தொடங்கியது. ஆணையிட்டது ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன் அரசு என்பதை இன்றைய விவாதத்தில் இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. நகரங்களை ஒட்டிய எளிய தடங்களை அடைத்துவிட்டால் எஞ்சும் மலையும் பாலையும் தாமே காவல் நிற்கும், அவற்றைக் கண்டு வருவோர் அஞ்சித் திரும்பிவிடுவார்கள் என்பது அதன் கணக்கு. ‘அச்சுறுத்தித் தடுத்தல்’ என்று அந்த உத்தி அதிகாரபூர்வமாகவே அழைக்கப்பட்டது. 1993இல் சான் டியேகோ பகுதியில் மட்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்த கைதுகள் பத்தாண்டுகளுக்குள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. அதே காலத்தில் அரிசோனாவின் டூசான் பகுதியில், 2000ஆம் ஆண்டில், கைதுகள் ஆறு லட்சத்தைத் தாண்டின. வருவோர் திரும்பிப் போகவில்லை, தடம்தான் மாறியது. கோடையில் நாற்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் தகிக்கும் சொனோரா பாலைவனத்தை, ஒருவர் சுமக்கக்கூடிய தண்ணீரைக் கொண்டு, பல நாள் நடந்து கடக்க வேண்டியதாயிற்று. 1998 முதல் தென்மேற்கு எல்லையில் எல்லைக் காவல் படையே கணக்கில் எடுத்த சாவுகள் 8,000க்கு மேல். கண்டெடுக்கப்படாத உடல்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்த உத்தி வேறொரு விளைவையும் உண்டாக்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் மெக்சிகோ ஆய்வாளர் ஹோர்ஹே டுராண்டும் பல பத்தாண்டுகளாக மெக்சிகோவின் ஊர் ஊராகச் சென்று திரட்டிய தரவுகளின்படி, 1965க்கும் 1985க்கும் இடையே ஆவணமின்றி உள்ளே வந்த மெக்சிகர்களின் எண்ணிக்கையில் சுமார் 85 சதவீதம், திரும்பிச் சென்றவர்களின் எண்ணிக்கையால் ஈடுசெய்யப்பட்டது. பெரும்பாலும் ஆண்கள் தனியாக வந்தார்கள்; அறுவடை முடிந்ததும், அல்லது வீடு கட்டவும் கடன் அடைக்கவும் வேண்டிய பணம் சேர்ந்ததும், ஊர் திரும்பினார்கள்; வேண்டியபோது மீண்டும் வந்தார்கள். எல்லை இறுகியதும், ‘கொயோட்டே’ எனப்படும் ஆள் கடத்தும் தரகருக்குக் கொடுக்க வேண்டிய கூலி பலமடங்கு ஏறி, உயிருக்கும் ஆபத்து என்றானபோது, அவர்கள் வருவதை நிறுத்தவில்லை, திரும்பிப் போவதைத்தான் நிறுத்தினார்கள். ஒருமுறை கடந்தவர் மறுமுறை கடக்கத் துணியாமல் அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார். பருவகாலத்துக்கு வந்துபோன கூலிகள் நிலையாகக் குடியமர்ந்த குடும்பங்களாக மாறியது இப்படித்தான். 1990இல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்ற மக்கள்தொகை 2007இல் ஒரு கோடியே 22 லட்சத்தை எட்டியதாக பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டது. அந்த இடைவெளியில் எல்லைக் காவலர் எண்ணிக்கை ஏறத்தாழ 4,000இலிருந்து பல மடங்கு பெருகி, 2011இல் 21,000ஐயும் கடந்தது. பெருக்கம் முழுவதையும் காவல்தான் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது, 1994இன் இறுதியில் மெக்சிகோவின் பேசோ நாணயம் சரிந்தது. ஆயினும் அணை கட்டிய பிறகுதான் நீர் தேங்கியது என்னும் மாஸியின் வாதத்தை முறியடிக்கும் அளவுக்கு வலுவான மறுப்பு இதுவரை எழவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை நிகழ்த்தியவர்கள் அனைவரும் முறையான விசாவில் வந்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட மெக்சிகோ எல்லையைக் கடந்து வரவில்லை. இருந்தும் அத்தாக்குதலுக்குப் பிறகு குடியேற்றத் துறையே கலைக்கப்பட்டு, 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் மூன்று அமைப்புகளாகப் பிரிக்கப்பட்டது. கூலியாட்களின் நடமாட்டம் பயங்கரவாதத்தோடு ஒரே கூரையின்கீழ் வந்தது. 2006இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட பாதுகாப்பு வேலிச் சட்டம் சுமார் 700 மைல் வேலிக்கு வழிசெய்ததோடு, பின்னால் பெரும் அரசியல் விளைவுகளை உண்டாக்கிய ஒரு வரையறையையும் எழுதிவைத்தது. எல்லை ‘செயல்முறைக் கட்டுப்பாட்டில்’ இருக்கிறது என்றால், சட்டவிரோதமான எல்லா நுழைவுகளும், ஆட்களோ போதைப்பொருளோ வேறெந்தக் கள்ளப்பொருளோ, தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அந்த வரையறை. எல்லா என்றால் ஒன்றுகூடத் தப்பக்கூடாது. ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர் நீண்டு, ஆறும் மலையும் பாலையும் நகரமும் மாறி மாறி வரும் ஓர் எல்லையில் இது எந்த அரசாலும் எந்தக் காலத்திலும் ஆகாத காரியம். எல்லைக் காவல் படை தனக்கென்று தளர்த்திக்கொண்ட பொருளில்கூட, 2010இல் சுமார் 2,000 மைல் எல்லையில் 873 மைல்தான் கட்டுப்பாட்டில் இருப்பதாக அறிக்கை கொடுத்தது; கேலிக்கு இடமான அந்த அளவுகோலை அரசு அதன் பிறகு கைவிட்டது.

மாற்று அளவுகோல்களும் தேறவில்லை. கைதுகள் கூடினால் காவல் திறமையாக இருக்கிறது என்றும் சொல்லலாம், எல்லை திறந்து கிடக்கிறது என்றும் சொல்லலாம். குறைந்தால் இரண்டையும் தலைகீழாகச் சொல்லலாம். 2013ஆம் ஆண்டு மசோதாவின் முதல் வடிவம், வந்தவர்களில் 90 சதவீதத்தினர் பிடிபட்டோ திருப்பி அனுப்பப்பட்டோ இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பிடிபடாமல் உள்ளே போனவர்களின் எண்ணிக்கை தெரிந்தால்தான் அந்தச் சதவீதத்தைக் கணக்கிட முடியும், அந்த எண்ணிக்கையோ அதன் இயல்பிலேயே துல்லியமாகத் தெரியவராதது. கொரோனா காலத்தில் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் ‘டைட்டில் 42’ என்ற பிரிவைக் காட்டி, 2020 மார்ச் முதல் 2023 மே வரை, பிடிபட்டவர்களை விசாரணையின்றி உடனே வெளியே தள்ளியபோது, தண்டனை எதுவும் இல்லாததால் அதே ஆட்கள் மறுநாளே திரும்பி வந்து மீண்டும் பிடிபட்டார்கள்; புள்ளிவிவரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணாக ஏறினார்கள். இவை போக, ஆவணமற்றவர்களில் கணிசமான பங்கினர் விமானத்தில் முறையான விசாவோடு வந்து, காலக்கெடு முடிந்தும் தங்கிவிட்டவர்கள். எந்தச் சுவரும் அவர்களைத் தடுத்திருக்காது.

2013இல் இரு கட்சிகளையும் சேர்ந்த எட்டு செனட்டர்கள் எழுதிய மசோதா, ஆவணமற்றவர்களுக்குக் குடியுரிமைவரை 13 ஆண்டுப் பாதை ஒன்றை வகுத்தது. தயங்கியவர்களை இழுப்பதற்காகக் கடைசி நேரத்தில் 20,000 கூடுதல் எல்லைக் காவலர்களும் 700 மைல் வேலியும் அதில் சேர்க்கப்பட்டன. ஜூன் 27 அன்று 68க்கு 32 என்ற வாக்கில் அது செனட்டில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையினர் ஏற்காத எதையும் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை என்ற மரபைப் பிடித்துக்கொண்டு, பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஜான் பேனர் அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. மறு ஆண்டு ஜூனில், அச்சபையில் அக்கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவரான எரிக் கேன்டர், குடியேற்ற விஷயத்தில் மென்மையானவர் என்ற குற்றச்சாட்டோடு உட்கட்சித் தேர்தலில் பெயர் தெரியாத ஒரு பேராசிரியரிடம் தோற்றதும், எஞ்சியிருந்த துணிவும் போயிற்று. பாதுகாப்பே முதலில் என்றவர்களுக்கு அந்த மசோதா கொடுத்த அளவு காவலை அதற்கு முன் எந்த மசோதாவும் கொடுத்ததில்லை. மசோதாவுக்கு முந்தைய ஆண்டே நடுவணரசு குடியேற்ற அமலாக்கத்துக்கு ஏறத்தாழ 1,800 கோடி டாலர் செலவிட்டிருந்தது. எஃப்பிஐ உள்ளிட்ட மற்ற முதன்மைக் குற்றப் புலனாய்வு அமைப்புகள் அனைத்துக்கும் சேர்த்துச் செலவானதைவிட இது கூடுதல் என்று வாஷிங்டனின் குடியேற்றக் கொள்கை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது.

இதற்குள் எல்லைக்கு வருபவர்களே மாறிவிட்டிருந்தார்கள். காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து ஓடிய மெக்சிகக் கூலிக்குப் பதிலாக, ஹோண்டுராஸ், குவாத்தமாலா, பின்னர் வெனிசுவேலா முதலிய நாடுகளிலிருந்து குழந்தைகளோடு வந்து, காவலரைத் தேடிப் போய்ச் சரணடைந்து புகலிடம் கோரும் குடும்பங்கள் பெருகின. 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின் வழிவந்த விதியின்படி, அமெரிக்க மண்ணில் காலடி வைத்த எவரும், எந்த வழியாக வந்திருந்தாலும், புகலிடம் கோரலாம். அப்படிச் சரணடைபவரை உயரமான சுவர் எதுவும் செய்வதில்லை. தேவைப்படுபவர்கள் நீதிபதிகளும் விசாரணை அதிகாரிகளும். குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2023இன் இறுதியில் 30 லட்சத்தைத் தாண்டின. அவற்றை விசாரிக்க நாடு முழுவதும் இருந்தவர்கள் ஏறத்தாழ 700 நீதிபதிகள். வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே, வலுவற்ற கோரிக்கையோடு வருபவருக்கும் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது அவர்கள் சொன்னது உண்மை. ஜனநாயகக் கட்சியினர் நெடுங்காலம் அதைக் காதில் வாங்கவில்லை.

எதிர்ப்புறத்தில், 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ‘துரித வெளியேற்றம்’ என்ற நடைமுறை என்ன செய்யக்கூடும் என்பதை ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு காட்டியது. 2017 பிப்ரவரியில் சான் டியேகோ அருகே எல்லையைக் கடந்த அந்த விவசாயி, அமெரிக்க மண்ணுக்குள் 25 கஜ தூரம், அதாவது 23 மீட்டர் அளவுக்குள் கைது செய்யப்பட்டார். இலங்கையில் தம்மைச் சிலர் வேனில் கடத்திச் சென்று அடித்ததாக அவர் சொன்னார். இப்படி வருபவர் முதலில், ஊர் திரும்பினால் துன்புறுத்தப்படுவோம் என்ற ‘நம்பத்தக்க அச்சம்’ தமக்கு இருப்பதாக ஓர் அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். அது ஏற்கப்பட்டால்தான் முழு விசாரணை. அவரைப் பேட்டி கண்ட அதிகாரி அவர் சொன்னதை நம்பினார். ஆனால் தாக்கியவர்கள் யார், எதற்காகத் தாக்கினார்கள் என்று அவரால் சொல்ல முடியாததால், அவருடைய அச்சம் சட்டம் கேட்கும் வகையைச் சேர்ந்ததல்ல என்று எழுதினார். இலங்கைத் தமிழர் வாழ்வில் வேன் கடத்தல் என்பதற்கு என்ன பொருள் என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அறையில் அது விளக்கப்படாமலே போனது. அந்த முடிவை வழக்கமான நீதிமன்றம் ஒன்று மறுஆய்வு செய்யக் கோரும் உரிமை அவருக்கு உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2020 ஜூன் 25 அன்று 7க்கு 2 என்ற கணக்கில் இல்லை என்று தீர்க்கப்பட்டது. நாட்டுக்குள் நின்றாலும், இப்போதுதான் வாசலைத் தாண்டியவர் வாசலுக்கு வெளியே நிற்பவராகவே கருதப்படுவார் என்பது நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம். சோனியா சொட்டோமேயரும் எலினா கேகனும் மாறுபட்டார்கள். சட்டத்தின் கண்ணில் எல்லைக்கோடு 23 மீட்டர் உள்ளே நகர்ந்தது. எவ்வளவு தூரம்வரை அது நகரலாம் என்ற கேள்வி திறந்தே விடப்பட்டது. துரித வெளியேற்றத்தை நாடு முழுவதற்கும் விரித்து 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு பிறப்பித்த ஆணை அந்தக் கேள்வியை மீண்டும் நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோனது.

2024இன் மசோதா இந்தப் பின்னணியில் வந்தது. முந்தைய டிசம்பரில் மட்டும் தென்மேற்கு எல்லையில் எல்லைக் காவல் படை ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை எதிர்கொண்டிருந்தது. குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்க்ஃபர்ட், ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி, கட்சி சாராத கிர்ஸ்டன் சினிமா ஆகிய மூவரும் எழுதிய அந்த மசோதாவில், சிறு வயதில் அழைத்து வரப்பட்டு அங்கேயே வளர்ந்த ‘ட்ரீமர்’ இளைஞர்களுக்குக்கூட எதுவும் இல்லை. புகலிடத்துக்கான தகுதி கடுமையாக்கப்பட்டது. நாள்தோறும் சராசரியாக 5,000 பேர் என ஒரு வாரம் வந்தால் எல்லையில் புகலிடம் கோருவதையே பெரும்பாலும் நிறுத்திவைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு விதிக்கப்பட்டது. அதாவது, பேரத்தின் மறுபாதியைக் கேட்பதை ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் கைவிட்டு, பாதுகாப்பையே முதன்மையாகக் கொடுக்க முன்வந்தார்கள். தேர்தல் ஆண்டில் இதை ஏற்பது எதிராளிக்குக் கொடுக்கும் பரிசு என்று டிரம்ப் எதிர்த்தார். பிப்ரவரி 7 அன்று, விவாதத்துக்கு எடுக்கவே 60 வாக்குகள் தேவைப்படும் செனட்டில், 49 மட்டுமே கிடைத்தன. மே மாதம் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, வெறும் தேர்தல் நாடகம் என்று சொல்லி லாங்க்ஃபர்டும் சினிமாவுமே எதிர்த்து வாக்களித்தார்கள். இடையில், பிப்ரவரி 13 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலர் அலெஹாந்த்ரோ மயோர்க்காஸ் மீது பிரதிநிதிகள் சபை 214க்கு 213 என்ற வாக்கில் பதவிநீக்கக் குற்றச்சாட்டைச் சுமத்தியது. 1876க்குப் பிறகு அமைச்சரவை உறுப்பினர் ஒருவர் மீது அப்படிச் சுமத்தப்பட்டது அதுவே முதல்முறை. எல்லை செயல்முறைக் கட்டுப்பாட்டில் இல்லை என்பது குற்றச்சாட்டின் ஒரு பகுதி. எவராலும் எட்ட முடியாத 2006ஆம் ஆண்டு வரையறை இப்படி ஓர் ஆயுதமாகப் பயன்பட்டது. செனட் அதை ஏப்ரலில் தள்ளுபடி செய்தது.

எல்லைக்கூச்சலில் காணாமல்போன மறுபாதி, ஆவணமற்றவர்களைப் பற்றியது மட்டும் அல்ல. வேலை அடிப்படையிலான நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டு, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 1,40,000. மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு. எச்-1பி விசாவில் சென்று வரிசையில் நிற்கும் இந்தியர்கள், குடும்பத்தாரையும் சேர்த்து, பத்து லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பொறியியல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளாக நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வரி கட்டிவரும் குடும்பங்கள் இதில் உண்டு. அவர்களோடு சிறு வயதில் சென்ற பிள்ளைகள் 21 வயதானதும் பெற்றோரின் விசாவிலிருந்து விலக்கப்படுகிறார்கள். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்க நேரமின்றி அந்த காங்கிரஸின் காலமே முடிந்தது. இரு சபைகளும் கொள்கையளவில் ஒப்புக்கொண்ட ஒன்றுகூட இப்படிப் போவதற்குக் காரணம், குடியேற்றம் பற்றிய எந்தச் சிறு மசோதாவையும் எல்லை என்ற பெரிய சண்டைக்குள் இழுக்காமல் விடுவதற்கு யாருக்கும் மனம் வராததுதான். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கப்பட்டதும், சட்டப்படி வருபவர்களை வரவேற்கிறோம், மற்றவர்களைத்தான் எதிர்க்கிறோம் என்ற பழைய வாதமும் ஆட்டம்கண்டது.

பாதுகாப்பு முதலில் என்ற நிபந்தனையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 2025இல் வந்தது. பைடன் ஆட்சியின் கடைசி மாதங்களிலேயே குறையத் தொடங்கியிருந்த எல்லைக் கைதுகள், டிரம்ப் பதவியேற்ற நாளன்று எல்லையில் புகலிடக் கதவை மூடிய பிறகு, மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கின. 1970ஆம் ஆண்டுக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. அந்த அமைதிக்குப் பிறகு, ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், எல்லைக்கும் அமலாக்கத்துக்கும் சுமார் 17,000 கோடி டாலரை ஒதுக்கியது. சுவருக்கு 4,650 கோடி, தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி. சட்டபூர்வக் குடியேற்றத்தின் ஒதுக்கீடுகளை அது தொடவில்லை. எல்லை அடங்கியதும் கவனம் நகரங்களின் பணியிடங்களுக்கும் நீதிமன்ற வாசல்களுக்கும் நகர்ந்து, பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களே இலக்கானார்கள்.

அதே ஜூலையில் குடியரசுக் கட்சியின் மரியா எல்விரா சலசாரும் ஜனநாயகக் கட்சியின் வெரோனிகா எஸ்கோபாரும் ‘கண்ணியச் சட்டம்’ என்ற மசோதாவை மீண்டும் முன்வைத்தார்கள். நெடுங்காலமாக வசிக்கும் ஆவணமற்றவர்கள் ஏழு ஆண்டுகளில் 7,000 டாலர் செலுத்தி, வேலை செய்து, குற்றமின்றி வாழ்ந்தால், நாடுகடத்தப்படாமல் தங்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு அதன்வழி குடியுரிமை கிடையாது. 1986இல் பதினெட்டு மாதத் தற்காலிக நிலைக்குப் பிறகு நிரந்தர வசிப்புரிமையும், அதிலிருந்து ஐந்து ஆண்டுகளில் குடியுரிமையும் கிடைத்தன. 2013இல் அதே பாதை பதின்மூன்று ஆண்டுகளாக நீண்டது. இந்த மசோதாவில் பாதையே குடியுரிமைக்கு முன்னதாக முடிந்துவிடுகிறது, அப்படியும் அதை வாக்கெடுப்புக்கு விடச் சபைத் தலைமை முன்வரவில்லை.